இரண்டு கேட்டுக்கு நடுவே வியன்னா

கும்மிடிப்பூண்டியில் அரசாங்கம் நடத்திவரும் அந்தக் குழாய்த் தொழிற்சாலையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு சீட்டு கேட்பார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம் அங்கே நான் நிர்வாகப் பிரிவில் குமாஸ்தா. பெயர் சடகோபன். திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பம் எங்களுடையது. பெருமாளுக்கு எந்த நாழிகையில் எதைச் செய்ய வேண்டும் என்று முறை வைத்துக்கொண்டே பிறந்து வளர்கிறவர்கள். அப்பேர்ப்பட்ட வீட்டில் பிறந்த நானே சொல்கிறேன், எங்கள் தொழிற்சாலை முறைகளில் கால்வாசி கூட எந்தக் கோயிலிலும் கிடையாது. உற்சவத்துக்குப் பெருமாள் வெளியே வரும்போது யாரும் அவரை நிறுத்திச் சீட்டு கேட்பதில்லை.

எங்களுக்கு இரண்டு கேட். உள் கேட், வெளிக் கேட். நடுவே முப்பது அடி இடம். அந்த இடத்தில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் இரும்பு மேடை. உள்ளேயிருந்து ஒரு ஆணி வெளியே போவதானாலும் சீட்டு வேண்டும். பழுது பார்க்கப் போய்த் திரும்பி வரவேண்டிய மோட்டார், பம்பு போன்றவற்றுக்கு வெள்ளைச் சீட்டு. பழைய இரும்பு என்று விற்றுத் தலைமுழுகும் சாமானுக்கு ரோஸ் சீட்டு. உள் கேட்டில் ‘வெளியே சென்றது’ என்று முத்திரை குத்துவார்கள். வெளிக் கேட்டில் சரிபார்த்து இன்னொரு முத்திரை. ஒருமுறை தெருநாய் ஒன்று கொதிகலன் அறைக்குப் பின்னால் நான்கு குட்டி போட்டது. அவற்றை வெளியே விடுவது வெள்ளைச் சீட்டிலா, ரோஸ் சீட்டிலா என்று கேள்வி எழுந்தது. கோப்பு ஒரு வருஷம் சுற்றியது. அது திரும்பி வந்தபோது குட்டிகள் குட்டி போட்டிருந்தன. எண்ணிக்கை மாறிவிட்டதால் கோப்பைப் புதிதாகத் தொடங்கினோம்.

நாயோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு மனிதனுக்கும் சீட்டு எழுதினோம். எழுதிய கை என்னுடையது. அந்தக் கையை இன்றைக்கும் நான் அவ்வளவாக மதிப்பதில்லை.

பாக்கியநாதன் எங்கள் ஃபிட்டர். கவரப்பேட்டையில் வீடு. அவர் அப்பா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் இவர்தான். பதினோரு வருஷ சர்வீஸ். எழுபத்தேழில் வியன்னாவிலிருந்து குழாய்க்கு மரை போடும் எந்திரம் ஒன்று வந்தது. அதை நிறுவ ஹெர்மன் என்ற எஞ்சினியரும் கூடவே வந்தார். எந்திரம் காலையில் ஒழுங்காக ஓடும். மதியம் வெயில் ஏறியதும் பேரிங் கொதித்து நின்றுவிடும். ஹெர்மன் மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார். ஒருநாள் பாக்கியநாதன் வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் திரியைக் கொண்டுவந்து எண்ணெய்த் துளையில் செருகினார்.

“நம்ம ஊரு வெயில்ல எண்ண தண்ணியாட்டம் ஓடிப்பூடுது சார். திரி இருந்தா புட்ச்சி வெச்சிக்கினு சொட்டு சொட்டா வுடும்” என்றார்.

எந்திரம் ஓடியது. ஹெர்மன் அவரைக் கட்டிக்கொண்டு அழாத குறை. ஊருக்குப் போகும்போது தன் பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். வியன்னாவின் பெரிய ராட்டினம். ஒவ்வொரு கூண்டும் ஜன்னல் வைத்த ஓர் அறை அளவு. அன்றிலிருந்து அந்தப் படம் பாக்கியநாதனின் சட்டைப் பையில்தான் இருந்தது. யார் கிடைத்தாலும் காட்டுவார்.

“எம்பது வருசத்துக்கு மேல சுத்திக்கினே கீதாம் சார். அதோட பேரிங் எப்டி இருக்கும்? எவன் அதுக்கு கிரீஸ் வெக்கிறான்? அத்த ஒரு தபா பாத்துட்டா போதும்.”

ஒரு ஃபிட்டருக்கு வேறு என்ன ஆசை வரும்? எழுபத்தொன்பது பிப்ரவரியில் அந்த ஆசை தபாலில் வந்தது. ஹெர்மனுடைய கம்பெனி இப்போது வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் எல்லா எந்திரத்திலும் திரி வைக்கிறதாம். அதற்கு நன்றியாகப் பாக்கியநாதனும் அவர் மனைவியும் மே பன்னிரண்டு முதல் நான்கு நாள் வியன்னாவுக்கு வரவேண்டும். விமான டிக்கெட், ஓட்டல், டிராம் வண்டிச் சீட்டு எல்லாம் கம்பெனி பொறுப்பு. கடைசி வரி இப்படி இருந்தது: ‘வேலை எதுவும் இல்லை. சும்மா ஊரைச் சுற்றிப் பாருங்கள்.’

கடிதம் தொழிற்சாலை முகவரிக்கு வந்ததால் அதைப் பிரித்தவர் எங்கள் நிர்வாக அதிகாரி துளசிராமன். கடைசி வரியை அவர் மூன்று முறை படித்தார்.

“சும்மான்னு போட்டிருக்கானேய்யா. சும்மா பாக்கறதுக்கு நம்ம விதியில எங்கே இடம்?”

விதிப்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். வெளியூர்ப் பயணத்துக்கு ஐந்து காரணங்கள் உண்டு: பயிற்சி, ஆய்வு, கொள்முதல், சிகிச்சை, துக்கம். அவர் விரல் கடைசியில் போய் நின்றது.

“துக்கத்துல சேர்த்துடலாமா?”

“யாரும் சாகலையே சார்.”

மனமில்லாமல் விரலை எடுத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “சடகோபன், நான் இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். எதையும் சும்மா பார்த்ததில்லே. ஒரு ஃபைலைப் பார்த்தாலும் எங்கே தடுக்கலாம்னுதான் பார்த்திருக்கேன். ஒரு ஃபிட்டர் நாலு நாள் சும்மா பார்த்துட்டு வந்தான்னா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் சும்மா பார்க்க ஆரம்பிச்சுடுவான். அப்புறம் நம்மளையும் பார்ப்பான்.”

அதனால் ஒரு குழு அமைத்தார்கள். வியன்னா பயணத் திட்டக் குழு, உறுப்பினர்கள் ஏழு பேர், தலைவர் துளசிராமன். ஏழு பேரில் ஒருவர்கூடக் கடல் தாண்டியதில்லை. பாதுகாப்பு அதிகாரி மட்டும் சோழவரத்தில் மோட்டார் பந்தயம் பார்த்திருந்தார். அங்கே வெள்ளைக்காரர்கள் வந்ததைக் கண்ணால் கண்டவர் என்பதால் அவரை வெளிநாட்டு நிபுணர் ஆக்கினார்கள்.

குழுவின் முதல் தீர்மானம் பாக்கியநாதனின் மனைவி செண்பகத்தைப் பற்றியது. மனைவி நிறுவனத்தின் சாமான் இல்லை. நம்மிடம் இல்லாத சாமானை நாம் எப்படி வெளியே அனுப்ப முடியும்? எனவே அவருடைய டிக்கெட்டை ‘உபரி’ என்று எழுதி இரும்புப் பெட்டியில் பூட்டினார்கள். பாக்கியநாதனின் டிக்கெட்டையும் பத்திரம் கருதி அங்கேயே வைத்தார்கள். கணவனும் மனைவியும் நாலைந்து தடவை மதராஸுக்குப் போய் வரிசையில் நின்று ஏப்ரலில் பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கிவிட்டார்கள். அதில் எங்கள் உதவி எதுவும் இல்லாததால் சீக்கிரமாகவே கிடைத்தது. அவற்றையும் வாங்கிப் பூட்டினோம்.

அன்றைக்குச் செண்பகம் ஆபீசுக்கு வந்திருந்தார். அவருக்குச் சேதி சொல்லும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தார்.

“நான் வரலன்னா இன்னாய்யா இப்ப? நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. அந்த ராட்டினம் மேல போறப்ப வயிறு கலங்குதா இல்லியா, அத்த மட்டும் கரெக்டா பாத்துக்கினு வா.”

சொல்லிவிட்டு வெளியே போனார். படிக்கட்டில் இறங்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் தீர்மானத்தை மூன்று நகல் எடுத்தேன்.

அடுத்து, எதை எப்போது பார்ப்பது என்ற அட்டவணை. உங்கள் திட்டத்தை எழுதிக் கொடுங்கள் என்று பாக்கியநாதனிடம் கேட்டார்கள். அவர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்: ‘முதல் நாள் ராட்டினத்தைப் பார்ப்பேன். மற்ற நாள்களில் திரும்பவும் பார்ப்பேன்.’ குழு அதிர்ந்துபோனது. அவர்களே நாற்பத்தொரு இடங்கள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரித்தார்கள். அதில் ஓர் அரண்மனை. ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் அறைகளாம். அதற்கு இருபது நிமிஷம் ஒதுக்கினார்கள்.

“ஓர் அறைக்கு ஒரு விநாடி கூட வராதே சார்” என்றேன்.

“ஓடட்டும்” என்றார் துளசிராமன். “எந்த அறையையும் விட்டுட்டான்னு பேர் வரக்கூடாது.”

நாற்பத்தொன்றில் ராட்டினம் இல்லை. அது கேளிக்கைச் சாதனமாம். தொழிற்சாலையின் பிரதிநிதி கேளிக்கையில் ஈடுபடக்கூடாது. பாக்கியநாதன் குழுவின் முன் கைகட்டி நின்றார்.

“சார், நான் போறதே அதுக்குதான் சார். மத்த நாப்பத்தொண்ணும் வேணாம் சார்.”

வெளிநாட்டு நிபுணர் குறுக்கிட்டார். பத்தடிக்கு மேல் ஏறும் எந்தத் தொழிலாளிக்கும் உயர அனுமதிச் சீட்டு வேண்டும், அது எட்டு மணி நேரம்தான் செல்லும், ஏறும் இடத்திலேயே பாதுகாப்பு அதிகாரி நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார். நான்கு மணி நேரம் விவாதித்துக் கடைசியில் கருணை காட்டினார்கள். ராட்டினத்தை நூறு அடி தள்ளி நின்று ஆறு நிமிஷம் பார்க்கலாம். தலையில் இரும்புத் தொப்பி இருக்கவேண்டும்.

“நூறு அடிலேந்து பேரிங் எங்க சார் தெரியும்?” என்று பாக்கியநாதன் கேட்டார். குறிப்பேட்டில் அதை ‘தொழிலாளி நன்றி தெரிவித்தார்’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

மே நாலாம் தேதி ஒத்திகை. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய நாள் அது. தொழிற்சாலை வளாகம் முழுக்கச் சுண்ணாம்பால் கோடு போட்டு வியன்னாவை வரைந்தோம். தண்ணீர்த் தொட்டி அரண்மனை. கொதிகலன் அறை சங்கீத மண்டபம். பழைய இரும்பு கொட்டும் பள்ளம் டான்யூப் நதி. வியன்னாவில் குளிரும் என்பதால் பாக்கியநாதனுக்குக் கம்பளிக் கோட்டு மாட்டி மப்ளரும் சுற்றினார்கள். பொது மேலாளர் குடையின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். துளசிராமன் விசில் ஊத, பாக்கியநாதன் ஒவ்வோர் இடமாக ஓடி நின்று, “பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினார். பதினேழாவது இடத்தில் மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி மிச்சம் இருபத்துநாலையும் பார்க்கவைத்தார்கள். முடிந்ததும் பொது மேலாளர் எழுந்து ஒரு சின்ன உரை ஆற்றினார்.

“இப்போதே முழுக்கப் பார்த்தாகிவிட்டது. இனி அவர் அங்கே போவது ஒரு சம்பிரதாயம்தான்” என்றார்.

நாங்கள் கைதட்டினோம்.

மே பதினொன்று, வெள்ளிக்கிழமை. மாலை ஏழு மணிக்கு மீனம்பாக்கத்திலிருந்து பம்பாய் விமானம். அங்கிருந்து வியன்னா. கும்மிடிப்பூண்டியில் இரண்டு இருபது வண்டியைப் பிடிக்கவேண்டும். தவறினால் மூன்று பத்து. அதற்குமேல் நம்பமுடியாது. பகல் ஒரு மணிக்குத்தான் துளசிராமனுக்கு ஒரு ஞாபகம் வந்தது. வெளிநாட்டுக்குப் போகிறவனை எந்தத் தாளில் வெளியே விடுவது? லீவு பாரத்தில் வெளிநாடு என்று ஒரு கட்டம் இல்லை.

“வெள்ளைச் சீட்டுல விட்டுடுய்யா. திரும்பி வர்ற சாமான்தானே” என்றார்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அதுதான் பயங்கரம். பதினெட்டு வருஷம் அங்கே இருந்தால் எதுவும் நியாயமாகத்தான் படும். ஆனால் வெள்ளைச் சீட்டுப் புத்தகம் தீர்ந்துபோயிருந்தது. புதுப் புத்தகம் கேட்டு எழுதிய கோப்பு எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. ரோஸில் எழுதித் தலைப்பை மட்டும் அடித்து ‘வெள்ளை’ என்று போட்டுவிடு என்றார் துளசிராமன். எழுதினேன். சாமான்: பாக்கியநாதன், ஃபிட்டர். எண்ணிக்கை: ஒன்று. நிலை: ஓடும் நிலையில். திரும்பும் நாள்: 18.5.79. அவசரத்தில் கார்பன் தாளை முதலில் உருவிவிட்டு அப்புறம்தான் தலைப்பை அடித்தேன். மேல் நகலில் அடித்தல் இருந்தது. கேட்டுக்குப் போகும் அடி நகல் சுத்தமான ரோஸ் சீட்டாகவே போய்ச் சேர்ந்தது.

இரண்டு மணிக்கு மாலை போட்டு வழியனுப்பினோம். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இருந்த உறை துளசிராமன் கையில். வெளிக் கேட்டைத் தாண்டியதும் போட்டோ எடுத்துக்கொண்டு கொடுப்பதாக ஏற்பாடு. உள் கேட்டில் இருந்தவன் சீட்டைப் பார்க்காமலே ‘வெளியே சென்றது’ என்று குத்தினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாக்கியநாதன் எடைமேடை வரை வந்தார். வெளிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் செண்பகம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடும் ஒரு ஸ்வெட்டரோடும் நின்றிருந்தார். அவரே பின்னிய ஸ்வெட்டர். ஒரு கை கொஞ்சம் நீளம்.

வெளிக் கேட் காவலாளி குப்புராஜ் சீட்டை வாங்கிப் பார்த்தான். முகம் மாறியது.

“அண்ணாத்தே, இது ரோஸு. ஸ்கிராப்பு. எடை போடணும், பெரிய சார் கையெழுத்து வோணும். இல்லாம வுட முடியாது.”

“யோவ், நான்தான்யா, பாக்கியம்.”

“நீதான்னு தெரியும் அண்ணாத்தே. போன வருசம் ஒரு ஏணிய சீட்டு இல்லாம வுட்டுட்டு மூணு மாசம் ஊட்ல குந்திக்கினு இருந்தேன். எம் புள்ளைங்க பட்டினி கெடந்துதுங்க. கோச்சிக்காத.”

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயந்தவன் மேல் எப்படிக் கோபப்படுவது? நான் மேல் நகலைக் கொண்டு ஓடினேன். இரண்டு நகலும் ஒத்துப்போகவில்லை என்பதால் விஷயம் இன்னும் மோசமாயிற்று. ஒத்துப்போகாத சீட்டுக்கும் பொது மேலாளர் கையெழுத்து வேண்டும். உள்ளே போய்ப் புதுச் சீட்டு வாங்கலாம் என்றால், உள் கேட்டில் அவர் ஏற்கெனவே வெளியே சென்றுவிட்டார். வெளியே சென்ற சாமான் உள்ளே வர வரவுச் சீட்டு வேண்டும். வெளிக் கேட்டைத் தாண்டாத சாமானுக்கு வரவுச் சீட்டு கிடையாது.

இரண்டு இருபது வண்டி ஊதிக்கொண்டு போனது. எல்லாருக்கும் கேட்டது.

குழு எடைமேடைக்கே நாற்காலிகளைக் கொண்டுவந்து கூடியது. முதல் வேலையாக எடை போட்டார்கள். பெட்டியோடு எழுபத்தொன்று. பெட்டியை இறக்கி நிகர எடை பார்த்தார்கள். மாலையைச் சேர்ப்பதா கழிப்பதா என்று பத்து நிமிஷம் பேசினார்கள். பாக்கியநாதன் கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றார். கண் என் கைக்கடிகாரத்திலேயே இருந்தது.

“சார், மூணு பத்தாவது கெடைக்குமா சார்?”

கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு செண்பகம் கத்தினார்: “யோவ், இன்னாய்யா பேஜாரு இது? மனுசன எடை போட்டுக்கினு குந்திக்கினு கீறீங்க! பிளேன் நின்னுக்கினு இருக்குமா?”

துளசிராமன் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தப் பேச்சை நான் மறக்கவே மாட்டேன்.

“அம்மா, நீங்க எங்களைத் தப்பா நினைக்கக்கூடாது. இவரைப் போகவிடக்கூடாதுன்னு எங்களுக்கு ஒரு நாளும் எண்ணம் கிடையாது. போகவிட்டா கையெழுத்துப் போட்டவன் மாட்டுவான். போகவிடலேன்னா யாரும் மாட்டமாட்டான். இது ஒரு மனுஷன் மேல இருக்கற விரோதமில்லே. இப்படித்தான் இத்தனை வருஷமா இந்தத் தொழிற்சாலையை ஒரு குறை இல்லாம நடத்திண்டு வரோம்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பத்தும் போய்விட்டது.

“கார்ல கொண்டுபோய் விட்டா ஏழு மணிக்குள்ள போயிடலாம் சார்” என்றேன் நான். “பெரிய சார் கையெழுத்து ஒண்ணு போதும்.”

“பெரிய சார் எங்கேய்யா?”

பொது மேலாளர் மீனம்பாக்கத்தில் இருந்தார். பாக்கியநாதனை வழியனுப்ப, போட்டோக்காரரோடு, காலையிலேயே கிளம்பிவிட்டார். தொழிற்சாலைக் காரும் அவரிடம்தான்.

டெலிபோனில் முயன்றோம். மதராஸ் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது விமான நிலையத்தில் எடுப்பார் இல்லை. பாக்கியநாதன் மேடையின் விளிம்பில் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். ஆறு மணிக்குமேல் கடிகாரத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். செண்பகம் கம்பிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, கம்பி வழியாக அவருக்குச் சோறு கொடுத்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்ட நாள் வேறு இல்லை.

ஏழேகாலுக்குப் பொது மேலாளரே விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டார். குரலில் குதூகலம்.

“ஜம்முன்னு ஏறிப் போயிட்டான்! கூட்டத்துல மாலை போட முடியலே. ஆனா மாடியிலேர்ந்து நான் கையசைச்சேன், ஜன்னல்லேர்ந்து அவனும் அசைச்சான். போட்டோ எடுத்தாச்சு.”

துளசிராமன் “ஆமாம் சார், ரொம்ப சந்தோஷம் சார்” என்று டெலிபோனை வைத்தார். சற்று நேரம் யோசித்தார். பிறகு குப்புராஜிடம், பெரிய சாரே வழியனுப்பிய சாமான் வெளியே போய்விட்ட சாமான்தான், முத்திரை குத்து என்றார். குத்தினான். வெளிக் கேட் திறந்தது.

“பாக்கியநாதன், பதினெட்டாம் தேதி வரைக்கும் நீங்க வியன்னாவுல இருக்கீங்க. இந்தப் பக்கம் யார் கண்ணுலேயும் படக்கூடாது” என்றார் துளசிராமன். உறையை மறுபடி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

கணவனும் மனைவியும் பொதட்டூர்பேட்டையில் செண்பகத்தின் தங்கை வீட்டில் வியன்னாவைக் கழித்தார்கள். அங்கே பாக்கியநாதன் யாரோடும் பேசாமல் பக்கத்துத் தறிக்காரருடைய எந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

பதினெட்டாம் தேதி வரவேற்பு விழா. பாக்கியநாதனை அதற்கு முன்னால் தனியாகக் கூப்பிட்டார் துளசிராமன். நானும் இருந்தேன்.

“ஒரு சின்னச் சிக்கல். ரோஸ் சீட்டுல போன சாமான் பதிவேட்டுலேர்ந்து நீங்கிடும். பதினோரு வருஷ சர்வீஸ் இனிமே இல்லை. ஆனா ஒரு வழி இருக்கு. புதுச் சாமான்னு வரவு வெச்சுத் தினக்கூலியில சேர்த்துக்கறேன். இந்தப் பேச்சை மேடையில அப்படியே படிச்சுடுங்க. நாற்பத்தொரு இடமும் பார்த்ததா இருக்கு. படிச்சா வேலை. இல்லேன்னா நான் பொறுப்பில்லே.”

தட்டச்சு செய்த நாலு பக்கம். அடித்தவன் நான். விழாவின் குறிப்பையும் முந்தைய நாளே அடித்துவிட்டேன். ‘பாக்கியநாதன் உருக்கமாகப் பேசினார். 11.10க்கு அனைவரும் கைதட்டினர்.’

மேடையில் பொது மேலாளர் நடுவே உட்கார்ந்திருந்தார். சுவரில் அவர் விமானத்துக்குக் கையசைக்கும் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். செண்பகம் கடைசி வரிசையில் நின்றிருந்தார். பாக்கியநாதன் தாளைப் பிரித்தார். “அழகிய வியன்னா நகரை” என்று படித்துவிட்டு நின்றார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்து மேஜைமேல் வைத்தார்.

“நான் பாத்தது முப்பது அடி இடம்” என்றார். “அஞ்சு மணி நேரம் பாத்தேன். நல்லா பாத்தேன். இந்தாண்ட ஒரு கேட்டு, அந்தாண்ட ஒரு கேட்டு. நடுவுல என்ன நிக்க வெச்சி எடை போட்டாங்க. அம்பத்தொம்பது கிலோ. பெரிய சார் கைய ஆட்டிக்கினு இருந்தப்ப நான் கம்பி வழியா சோறு துன்னுக்கினு இருந்தேன். பதினோரு வருசம் இங்க வேல செஞ்சிருக்கேன், ஒரு எந்திரத்தக்கூட இத்தினி நேரம் சும்மா நிக்க வெச்சதில்ல நானு.”

அப்போது மணி பதினொன்று பத்து. பொது மேலாளர் நிகழ்ச்சிநிரலைப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். மழைபோல் தட்டினார்கள். “மிகவும் உருக்கம்” என்றார் பொது மேலாளர். “வெளிநாடு ஒரு மனிதனை எப்படிப் பேசவைக்கிறது, பாருங்கள்.”

பாக்கியநாதன் மேடையிலிருந்து இறங்கினார். வரவுச் சீட்டோடு காத்திருந்த துளசிராமனைத் தாண்டி நேராக நடந்தார். எனக்கு அந்த நேரத்தில் ஒரு பொறி தட்டியது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக விதிப்புத்தகத்தை ஒரு நல்ல காரியத்துக்காகப் புரட்டினேன். பத்தொன்பதாம் விதி: ரோஸ் சீட்டில் போகும் சாமானின் உதிரி பாகங்கள் எதையும் தொழிற்சாலையில் வைத்திருக்கக்கூடாது, சாமானோடு சேர்த்து வெளியே அனுப்பிவிடவேண்டும். ஒரு ரோஸ் சீட்டு எழுதினேன். பாஸ்போர்ட் இரண்டு, விமான டிக்கெட் இரண்டு, மேற்படி பாக்கியநாதனின் உதிரி பாகங்கள். துளசிராமனிடம் நீட்டினேன். விதி எண்ணைப் பார்த்ததும் அவர் கை தானாகக் கையெழுத்துப் போட்டது. பொது மேலாளரும் விழா சந்தோஷத்தில் படிக்காமலே போட்டார்.

இரும்புப் பெட்டியைத் திறந்து உறையை எடுத்துக்கொண்டு ஓடினேன். எடைமேடையில் குப்புராஜ் பழக்க தோஷத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

“அண்ணாத்தே, சீட்டு?”

“நான் லிஸ்ட்லயே இல்ல குப்பு” என்றார் பாக்கியநாதன். “இல்லாத சாமானுக்கு எதுக்குடா சீட்டு?”

குப்புராஜ் யோசித்தான். எவ்வளவு யோசித்தும் அதற்கு மறுப்பு விதி எதுவும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்டைத் திறந்தான். அந்த ஏணிக்குப் பிறகு எங்கள் தொழிற்சாலையிலிருந்து சீட்டு இல்லாமல் வெளியே போன சாமான் அதுதான். நான் உறையைச் செண்பகத்தின் கையில் கொடுத்தேன். அவர் பிரித்து இரண்டு டிக்கெட் இருப்பதைப் பார்த்தார். இரண்டிலும் தேதி தாண்டிப்போயிருந்தது. ஹெர்மனுக்கு அன்று சாயங்காலமே தந்தி அடித்தேன், என் சொந்தப் பெயரில்.

இப்போது பாக்கியநாதன் பொன்னேரியில் பம்புசெட் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஹெர்மன் தேதி மாற்றிக் கொடுத்தது செப்டம்பரில். அக்டோபர் முதல் வாரம் எங்கள் தொழிற்சாலை முகவரிக்கு ஒரு படத் தபால் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் சாமான் என்பதால் கொள்முதல் உத்தரவு இல்லாமல் உள்ளே விட முடியாது என்று உள் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியாகிவிட்டதால் வெளியே திருப்பி அனுப்பவும் வழியில்லை. குழு ஒன்று அமைத்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை தபால் எடைமேடைக்குப் பக்கத்தில் குப்புராஜின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் குனிந்து பார்க்கிறார்கள். படத்தில் அந்தப் பெரிய ராட்டினம். பின்பக்கம் எழுதியிருந்ததைக் குப்புராஜ் மனப்பாடமாகச் சொல்லுவான்:

‘குப்பு, சடகோபன் சார், எல்லாருக்கும் வணக்கம். பேரிங் பார்த்தேன். கையால தொட்டே பார்த்தேன். கிரீஸ் நல்லா வைக்கிறாங்க. செண்பகம் மூணு தபா மேல போய் வந்தா. வயிறு கலங்கலையாம்.’